மின்சாரத்தின் கடைமடை

ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஒரகடம், வல்லம், மாத்தூர், எழிச்சூர், வைப்பூர், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று இந்தத் தொழிற்சாலைச் சாலைகளின் இரு பக்கமும் இருக்கிற ஊர்களில், கிராம சபைக்கு வந்து உட்காருகிற பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் எழுதுவது.

நான் உங்களில் ஒருவன். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் 12 வருஷமாக எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால், தெருவில் யார் வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலை பார்க்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் 4 கிலோமீட்டர்தான். அந்த 4 கிலோமீட்டரைப் பற்றித்தான் இந்த மடல்.

போன கோடையில் ஒரு நாள் மதியம், தொழிற்சாலைக்கு வருகிற லைனில் கால் நொடிக்கு வோல்டேஜ் சரிந்தது. கண் இமைக்கிற நேரம். வெல்டிங் ரோபோக்கள் சில நின்றுவிட்டன. 10 நிமிஷத்தில் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கால் நொடிக்காக லாக் புக்கில் ஒரு பக்கம் எழுதினோம். ரிலேயில் பதிவான வரைபடத்தை எடுத்து அனுப்பினோம். மாலைக்குள் ஒரு கூட்டம் நடந்தது. எந்த லைனில் பிரச்சினை, எத்தனை மணிக்கு, மறுபடி வராமலிருக்க என்ன செய்வது என்று எல்லாம் எழுத்தில் ஏறியது. ஒழுங்காக நடந்த வேலை அது. அப்படித்தான் நடக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி ஏழே முக்கால் மணிக்கு என் அத்தை வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவின் கடைசிக் கம்பத்திலிருந்து ஒயர் இழுத்த வீடு அது. சட்னிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு மிக்ஸியைத் திருப்பினார். அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி. 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்ததே தவிர பிளேடு சுற்றவில்லை. சில நொடியில் சூடான வார்னிஷ் வாசனை. சட்டென்று அணைத்தேன். பையிலிருந்த மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்துப் பார்த்தால் 162 வோல்ட். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த நேரத்துக்கு இழுக்காதுப்பா. பத்து மணிக்கு மேல அரைச்சா ஓடும்" என்றார். மாவு அரைப்பது மதியம், மோட்டார் போடுவது விடியற்காலை, சட்னி ராத்திரி பத்துக்கு மேல் என்று தன் நாளையே கம்பியில் வருகிற வோல்டேஜுக்குத் தகுந்தபடி மாற்றி வைத்திருக்கிறார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. லாக் புக்கில் ஏறாத சரிவு அது.

வீட்டுக்கு வரவேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 230 முதல் 240 வோல்ட். 6 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று விதி. எப்படிக் கணக்குப் போட்டாலும் 216க்குக் கீழே இறங்கக் கூடாது. மோட்டார் சுற்றுகிற விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 162 வந்தால், குறைந்திருப்பது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை என்று தோன்றும். ஆனால் விசை பாதியாகிவிடும். பாதி விசையில் பிளேடு சுற்றாது. சுற்றாத மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும், கருகும். மிக்ஸி, ஃபிரிட்ஜ், போர்வெல் மோட்டார் என்று கடைசி வீடுகளில் காயில் கருகிப் போகிற பொருளுக்கெல்லாம் யாரும் கணக்கு வைப்பதில்லை. ரீவைண்டிங் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

இது புரிவதற்கு எலக்ட்ரிக்கல் படித்திருக்க வேண்டாம். நாம் ஏரிப் பாசன ஊர்க்காரர்கள். மதகைத் திறந்தால் முதல் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து வரும். கடைமடைக்குப் போய்ச் சேரும்போது கால் நனையும் அளவுக்குத்தான் இருக்கும். மின்சாரமும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மர்தான் மதகு. அங்கிருந்து போகிற எல்.டி. (தாழ்வழுத்த) கம்பிதான் வாய்க்கால். கம்பி நீள நீள, வழியில் இழுக்கிற வீடுகள் கூடக் கூட, கடைசிக் கம்பத்துக்குப் போய்ச் சேருகிற வோல்டேஜ் குறைந்துகொண்டே போகும்.

ஆனால் ஏரிப் பாசனத்தில் நம் முன்னோர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுக நடப்பார். எங்கே உடைப்பு, யார் மடையை முறை மீறித் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். கடைமடைக்காரனுக்கும் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஊர் அவருக்கு நெல் அளந்தது. நம் ஊர்களின் மின்சாரத்துக்கு அப்படி ஒரு நீர்க்கட்டி இல்லை. கிராம சபைதான் அந்த நீர்க்கட்டியாக வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

"ஒதுக்குப்புறமான சின்னக் கிராமங்கள்" என்று சொன்னால் மலையும் காடும்தான் நினைவுக்கு வரும். நாமோ சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கிறோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. ஒரகடத்தில் 230 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. நம் நிலங்களின் மேலேதான் கோபுரம் கோபுரமாக உயரழுத்தக் கம்பிகள் போகின்றன. மழைக்காலத்தில் அவற்றின் கீழே நின்றால் 'கிர்ர்' என்று கேட்கும். தூரம் என்பது இங்கே சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எத்தனையாவது கம்பத்தில் வீடு என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் என் அத்தை வீடு எந்த மலைக்கிராமத்துக்கும் குறையாத தூரத்தில் இருக்கிறது.

மேலே போகிற கம்பி கீழே இறங்காமலே போவது தமிழ்நாட்டின் வழக்கம் அல்ல. 1932இல் பைகாராவில் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது அந்தக் கம்பிகள் கோயம்புத்தூர் மில்களுக்குப் போயின. போகிற வழியில் கிணறுகளையும் தொட்டுக்கொண்டு போயின. கவலை ஏற்றம் இறைத்த கொங்கு நாட்டுக் கிணறுகளில் பம்புசெட் வந்தது. ஆலைக்கு வந்த மின்சாரம் ஊருக்கும் ஆனது. 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று அடுத்தடுத்து மின்நிலையங்கள் வந்தன. 1957 ஜூலை 1ஆம் தேதி மின்சார வாரியம் அமைந்த பிறகு, கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதில் இந்தியாவுக்கே தமிழ்நாடு முன்னே நின்றது. அந்த வேலையைச் செய்தவர்கள் மாட்டு வண்டியில் கம்பம் ஏற்றிக்கொண்டு போனவர்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதே சமயம், எதுவும் கேட்காமல் கிடைத்துவிடவில்லை. 1970இல் பம்புசெட் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் 3 விவசாயிகள் உயிர் விட்டார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு போன்றவர்கள் அந்தக் கோரிக்கையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று அரசு அறிவித்ததற்குப் பின்னால் அந்த 20 வருஷம் இருக்கிறது.

நம்மிடம் கம்பி வந்துவிட்டது என்பதாலேயே கேட்பதை நிறுத்திவிட்டோம். "மின்சாரம் வந்த கிராமம்" என்று அரசு எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால், கம்பி வந்துவிட்டது என்ற நம் நிறைவு குறையும். 1997க்கு முன்பு ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டாலே போதும், அது மின்சாரம் வந்த கிராமம். 2004இல் வந்த விளக்கப்படி, பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களோடு 100 வீட்டில் 10 வீட்டுக்கு இணைப்பு இருந்தால் போதும். 2018 ஏப்ரல் 28ஆம் தேதி மணிப்பூரின் லெய்சாங் என்ற ஊருக்குக் கம்பி போய்ச் சேர்ந்தபோது, இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது என்று மத்திய அரசு அறிவித்தது. அந்தக் கணக்கில் நம் ஊர்கள் என்றைக்கோ தேறிவிட்டன. ராத்திரி ஏழே முக்காலுக்கு அத்தை வீட்டில் 162 வோல்ட் வருவதை அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. கம்பி வந்ததா என்று கேட்ட காலம் முடிந்தது. கம்பியில் என்ன வருகிறது என்று இனிக் கேட்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு என்று தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதி மடலாகிவிடும். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2010க்குப் பிறகு ஒரகடம் வேகமாக வளர்ந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும், நம்முடைய தென்மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். கொல்லையில் இருந்த மாட்டுக்கொட்டகை போய், வரிசையாகப் பத்து அறை, பன்னிரண்டு அறை என்று லைன் வீடு கட்டினோம். நிலம் போன குடும்பங்களுக்கு அந்த வாடகைதான் இன்றைக்குச் சோறு போடுகிறது. அதில் தவறு எதுவும் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு அறையிலும் ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் 18 கிலோவாட். ஒரு 25 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் சுமையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஒரே வீட்டின் கொல்லையில்! டிரான்ஸ்ஃபார்மர் வைத்த நாளில் அந்தத் தெருவுக்குப் போட்ட கணக்கு, வீட்டுக்கு நாலு விளக்கு, ரெண்டு ஃபேன், ஒரு டி.வி. இன்றைக்கு அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே கம்பி. நம்மில் எத்தனை பேர் அறை கட்டியபோது கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்தோம்? எழுதிக் கொடுக்காத லோடு அலுவலகத்தின் காகிதத்தில் கிடையாது. காகிதத்தில் இல்லாத லோடுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வராது. முதல் மடைக்காரன் முறை மீறித் திறந்தால் கடைமடை காய்வது போல, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து லைன் வீட்டு அடுப்பு எரியும்போது கடைசிக் கம்பத்து மிக்ஸி நிற்கிறது.

அந்த அறைகளில் இருக்கும் பிள்ளைகளையும் நினையுங்கள். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பத்து அறைக்கு ஒரே இணைப்பு வைத்து, உள்ளே சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாம் வாங்குகிற இடங்களில் அந்த 100 யூனிட் அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. நம் ஊரில் உழைக்க வந்தவர்கள் அவர்கள். அவர்களும் நம் கடைமடைதான்.

மின்வெட்டுக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2008 நவம்பரில் உயரழுத்த ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. 2012இல் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. வெளி மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல் கரண்ட் இல்லை. பற்றாக்குறை வந்தபோது அதைப் பங்கு போட்ட விதத்தில் கிராமம் கடைசியில் நின்றது. பற்றாக்குறை தீர்ந்தது. வரிசை மட்டும் மாறவில்லை. மின் நுகர்வோர் உரிமைகளுக்காக மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள். புது இணைப்புக்குப் பெருநகரத்தில் 7 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 15 நாள், கிராமத்தில் 30 நாள் என்று இருந்தது. 2024 திருத்தத்தில் 3, 7, 15 நாள் என்று குறைந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனாலும் நகரத்துக்காரன் மூன்று நாள் காத்திருந்தால், நாம் பதினைந்து நாள்.

இப்போது கடைசிக் கம்பத்தையும் தாண்டிப் போக வேண்டும். நம் ஊர்களின் ஏரிக்கரை ஓரம், கால்வாய் ஓரம், இருளர் பழங்குடிக் குடும்பங்கள் நாலும் ஆறும் பத்துமாக இருக்கின்றன. போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு தம்பி கூப்பிட்டான் என்று அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். ஆறு குடிசை. பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து மரத்துக்கு மரம் கட்டி ஒரு ஒயர் வந்திருந்தது. நடுவில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுக்கு மேல் டேப் கிடையாது, பாலித்தீன் பையைச் சுற்றியிருந்தார்கள். ஒரு குடிசைக்கு ஒரு பல்ப், செல்போன் சார்ஜர் போட ஒரு பிளக். அதற்கு மாதாமாதம் காசு. வாசலில் ஓர் ஆயா கையில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்தார். விளக்கு எரியும்போதே எதற்கு டார்ச் என்று கேட்டேன். "இது எப்ப போகும்னு தெரியாது. பூச்சி வர்ற நேரம்" என்றார்.

பாம்பைத்தான் பூச்சி என்றார். இதை எழுதும்போது என் மனம் கனக்கிறது. இந்தியா முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர்கள். அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கி, வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் விஷமுறிவு கொடுத்தவர்களின் வீட்டு வாசலில் நம்பி உட்கார ஒரு விளக்கு இல்லை.

அந்த ஒயரை நான் அன்றைக்கு அறுக்கவில்லை. ஒட்டுகளைச் சரியாகப் போட்டு, டேப் சுற்றி, ஒரு ஃபியூஸ் வைத்துவிட்டு வந்தேன். அது தீர்வு ஆகாது என்று எனக்குத் தெரியும். இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், பட்டா இல்லை என்பார்கள். ஏரிப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு இணைப்புக் கொடுக்க நீதிமன்ற ஆணைகள் குறுக்கே நிற்கின்றன என்பதும் உண்மை. ஆகவே அவர்களுக்கு முதலில் வேண்டியது ஊருக்குள் மேடான இடத்தில் மனைப்பட்டா. இருளர்கள் மத்திய அரசின் பட்டியலில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளில் ஒரு பிரிவினர். அப்படிப்பட்ட பழங்குடிகளுக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீடும் உண்டு, மின் இணைப்பும் உண்டு. அந்தத் திட்டத்துக்கு நம் ஊரிலிருந்து யார் பெயர் போயிருக்கிறது என்று கிராம சபையில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வாடகை வழக்கில், மின்சாரம் அடிப்படை வசதி, அதை ஒருவருக்கு மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மனு எழுத ஆள் இல்லை.

சோலார் விளக்கு கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2011இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 5 சோலார் விளக்குகள் கொடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் பேட்டரிக்கு ஆயுள் சில வருஷம்தான். அது தீர்ந்த பிறகு மாற்ற யாரிடம் காசு இருக்கிறது? கம்பி எட்டாத இடத்துக்குச் சோலார் சரி. இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள். நடுவில் கடல், டீசல் என்ஜினை நம்பி இருந்தார்கள். அங்கே சூரிய ஒளி, காற்றாலை, பேட்டரி மூன்றையும் சேர்த்து மின்சாரம் எடுக்க, இந்தியாவின் 1 கோடியே 10 லட்சம் டாலர் மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. அங்கே கடல் குறுக்கே இருக்கிறது, அதனால் அது சரியான வழி. நம் இருளர் குடிசைகளுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே இருப்பது அரை கிலோமீட்டர் முள்ளுக்காடு.

ஊர் நினைத்தால் முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டுகிற கரண்ட் பில் ஊராட்சியை அழுத்தியது. ஊராட்சித் தலைவர் சண்முகமும் ஊர் மக்களும் சேர்ந்து, வங்கிக் கடனும் வாங்கி, 2006 வாக்கில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். அதன் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். தெலங்கானாவின் சிரிசில்லாவிலும் கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் மின் விநியோகத்தையே கூட்டுறவுச் சங்கங்கள் அரை நூற்றாண்டாக நடத்தி வருகின்றன. நாம் காற்றாலை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கரண்ட் ஊர்ப் பொதுக் காரியம் என்று அவர்கள் நினைத்தார்கள். நாமும் அப்படி நினைத்தால் போதும்.

இனி, கையால் செய்யக்கூடிய வேலைகள்.

ஒன்று, கணக்கெடுப்பு. ஊரில் எத்தனை டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வொன்றும் எத்தனை கே.வி.ஏ., எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது, எத்தனை வீடு, எத்தனை வாடகை அறை, கடைசிக் கம்பம் எது என்று ஒரு நோட்டில் எழுதுவோம். கே.வி.ஏ. அளவு டிரான்ஸ்ஃபார்மரிலேயே எழுதியிருக்கும். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும், யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகள் இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போதும்.

இரண்டு, அளவெடுப்பு. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் கடைசி வீட்டிலும் 7 நாள், காலை 11 மணிக்கும் ராத்திரி ஏழரைக்கும் வோல்டேஜ் எடுத்துத் தேதி போட்டு எழுதுவோம். மீட்டரை நான் கொண்டுவருகிறேன், எடுக்கவும் கற்றுக்கொடுக்கிறேன். "லோ வோல்டேஜ்" என்று வாயால் சொன்னால் அது புலம்பல். "ஏழு நாளும் ராத்திரி 170ஐத் தாண்டவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அது ஆவணம். தொழிற்சாலையில் நான் கற்ற ஒரே பாடம் இதுதான்: எழுதி வைத்த கோளாறுதான் சரியாகும்.

மூன்று, நம் வீட்டு லோடு. அறை கட்டியவர்கள் கூடுதல் லோடுக்கு விண்ணப்பம் கொடுப்போம். செலவு உண்டு, தெரியும். கொடுத்தால்தான் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்க நமக்கு வாய் இருக்கும். முடிந்த இடத்தில் தெருக்கோடிக்கே 11 கிலோவோல்ட் லைனைக் கொண்டுபோய்ச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைக்கச் சொல்லிக் கேட்போம். மதகைக் கடைமடைப் பக்கம் கொண்டுபோவது மாதிரி அது. ஆந்திராவில் பம்புசெட்டுகளுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

நான்கு, தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. குடிநீரும் நூறு நாள் வேலையும் பேசுகிறோம். அவற்றோடு "கடைசிக் கம்பத்து வோல்டேஜ்" என்று ஒரு பொருளைச் சேர்ப்போம். இருளர் குடியிருப்புக்கு மனைப்பட்டாவும் மின் இணைப்பும் வேண்டும் என்று தனித் தீர்மானம் போடுவோம். அந்தக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைப்போம்.

ஐந்து, பின்தொடர்தல். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி, புகார் எண்ணை நோட்டில் எழுதுவோம். பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒப்புகை வாங்குவோம். தீராவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2003 மின்சாரச் சட்டம் நமக்காக வைத்த கதவுகள் அவை. நம் பக்கத்துத் தொழிற்சாலைகளிடமும் கேட்போம். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். நமக்கு என்ன வேண்டும் என்று கிராம சபைத் தீர்மானத்தோடு போனால், அவர்களுக்கும் செலவழிக்க வழி தெரியும்.

ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் கேட்கும்போது ஒயர்மேனிடம் கத்தாதீர்கள். ராத்திரி மழையில் ஏணியைத் தோளில் போட்டு வருகிறவரும் நம் மாதிரி ஒரு வீட்டுப் பிள்ளைதான். 2018இல் கஜா புயலில் டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தபோது, பல மாவட்டங்களிலிருந்து போய்ச் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டவர்கள் அவர்கள். லைனில் வேலை செய்யும்போது உயிர் விட்டவர்களும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் அளவை முடிவு செய்வது அவர் கையில் இல்லை. அவரையும் கூட்டத்துக்கு அழைத்து நாற்காலி போட்டுக் கேளுங்கள். எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, எந்த ஒட்டில் தீப்பொறி பறக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். கரண்ட் போனால் நாமே டிரான்ஸ்ஃபார்மரில் குச்சி விட்டு ஃபியூஸ் போடுகிற பழக்கத்தையும் இன்றோடு விடுவோம். அதில் போன உயிர் திரும்பாது.

கடைசியாக ஒன்று. கிராம சபை காலை 11 மணிக்குக் கூடுகிறது. அந்த நேரத்தில் எல்லார் வீட்டிலும் வோல்டேஜ் நன்றாகவே இருக்கும். ஆகவே அடுத்த கிராம சபைக்கு முந்தின நாள் ராத்திரி 7 மணிக்கு, ஒவ்வொரு ஊரிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் தெருமுனையில் கூடுவோம். தலைவர், வார்டு உறுப்பினர்கள், ஊர்ப் பெரியவர்கள், லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வாருங்கள். நீர்க்கட்டி வாய்க்காலோடு நடந்த மாதிரி கம்பியோடு நடப்போம். வழியில் எரியாத தெருவிளக்கை எழுதிக்கொள்வோம். கடைசி வீட்டில் நின்று மீட்டர் பார்ப்போம். அத்தை அன்றைக்கு மட்டும் ஏழே முக்காலுக்கு மிக்ஸியைப் போட்டுக் காட்டுவார்.

கம்பம் முடிகிற இடத்தில் திரும்பிவிடாதீர்கள். டார்ச் லைட் எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் வாருங்கள். அங்கே அந்த ஆயா வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். மறுநாள் சபையில் நாம் போடப் போகிற தீர்மானத்தை முதலில் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்